வெருகல் துறையில் இளைப்பாறிய நேரம்

என்னை மூன்றாவது முறையாகப் பெண் பார்த்த இடம் வெருகல் ஆற்றங்கரை. அப்படி ஒன்று அங்கே நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியாது. அண்ணாவுக்குத் தெரியும். எஞ்சின் சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்லித்தான் அவர் மோட்டார் சைக்கிளை மருதமரத்தடியில் நிறுத்தினார்.

அதற்கு முன் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் என் பெயரைக் கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. அம்மாதான் சொன்னார். என்ன சமைப்பேன் என்று கேட்டார்கள். அதையும் அம்மாதான் சொன்னார். இரண்டாவதாக வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது தட்டத்தில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. போகும்போது அவர்களில் ஒருவர் வாசல் படலையடியில் நின்று, "பிள்ளைக்குக் கதை வருமோ?" என்று அம்மாவிடம் கேட்டது குசினிக்குள் அடுப்படியில் நின்ற எனக்கும் கேட்டது. எனக்குக் கதை வரும். எங்கள் வீட்டுக் கோழிகளோடு நான் கதைப்பதைக் கேட்டவர்கள் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு முப்பது கடந்துவிட்டிருந்தது. அண்ணா என்னைவிட மூத்தவர். தங்கை வீட்டில் இருக்கும்வரை தமையன் கலியாணம் கட்டுவதில்லை என்பது எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒழுங்கு. அவருக்கென்று உப்புவெளிப் பக்கம் ஒரு பெண் காத்திருந்தார். கோயிலில் அவரைக் கண்டால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவருடைய வயதையும் நான்தான் கூட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றும். ஆகவே வெருகலில் பார்க்கப்பட்டது என் வாழ்க்கை மட்டுமல்ல.

பெண்ணுக்குச் சொல்லாமல் கோயில் வீதியிலோ பஸ் நிலையத்திலோ வைத்துக் காட்டுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் அவமானமில்லை. பார்த்தவர் தன் பாட்டில் போய்விடலாம். என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு இதுதான் சரி என்று அண்ணா நினைத்திருக்கிறார். தெரிந்தால்தானே கை நடுங்கும், தெரியாவிட்டால் பிள்ளை பிள்ளையாக இருப்பாள் என்று அம்மாவிடம் சொன்னாராம்.

அண்ணா திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் வேலை. அவரோடு வேலை செய்த ஒருவருடைய மனைவியின் தம்பிதான் மாப்பிள்ளை. வெருகலுக்கு அக்கரையில், கதிரவெளிப் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சர். அண்ணாவும் அவரும் முன்பின் கண்டதில்லை. காணாமலிருப்பதே நல்லது, கண்டால் கதைக்கவேண்டி வரும், கதைத்தால் எனக்கு விளங்கிவிடும் என்று இரு பக்கமும் பேசி வைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் என்பதுதான் அடையாளம். அந்தத் தெருவில் அப்போது மோட்டார் சைக்கிள் வருவதே அபூர்வம். அந்த அடையாளம் போதும் என்று நினைத்தார்கள்.

எனக்குச் சொன்னது, மட்டக்களப்பில் சின்னம்மா வீட்டுக்குப் போகிறோம் என்று. விடிந்ததும் புறப்பட்டோம். கரையோரமாக மட்டக்களப்புக்குப் போவதென்றால் ஆறுகளையும் முகத்துவாரங்களையும் தாண்டவேண்டும். படகுகளின் மேல் பலகை அடித்து, கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் மிதவை ஒவ்வொரு துறையிலும் உண்டு. அதற்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். கிண்ணியாவில் ஒரு பாதை, அதைத் தாண்டி இன்னும் சில. ஒவ்வொன்றிலும் அண்ணா மோட்டார் சைக்கிளை உருட்டி ஏற்றுவார், உருட்டி இறக்குவார். பாதைக்காரர்கள் பகிடி விடுவார்கள். "தம்பி, இவ்வளவு காசு குடுத்து வாங்கினீங்கள், இதுக்கு நீந்தப் பழக்கேல்லையோ?" என்று ஒருவர் கேட்டார். அண்ணா சிரித்தார். அன்று அவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார்.

நான் பின்னால் ஒரு பக்கமாக இருந்து போனேன். சீலைக் கரை சங்கிலிக்குள் போகாமல் ஒரு கையால் சுருட்டிப் பிடிக்கவேண்டும். மற்றக் கையால் இருக்கையின் வாரைப் பிடிக்கவேண்டும். மூதூரைத் தாண்டித் தோப்பூர் வர இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அதன்பின் தெரு மணலும் பள்ளமும். ஒரு மாட்டுவண்டியின் பின்னால் வெகுதூரம் போனதில் அதன் புழுதி முழுவதும் எங்கள் மேல்தான். வெருகலில் இறங்கியபோது என் கால் நிலத்தில் பட்டது எனக்குத் தெரியவில்லை. அண்ணாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாதை அக்கரையில் நின்றது. ஏதோ கம்பி அறுந்துவிட்டதாம், பொருத்திக்கொண்டு வருவார்களாம். ஆற்றுத் தண்ணீர் கலங்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கிடுகால் வேய்ந்த ஒரு தேத்தண்ணிக் கடை, அதன்முன் ஆட்கள் உட்கார ஒரு நீள வாங்கு, மரத்தடியில் பஸ்ஸுக்கும் பாதைக்குமாகக் காத்திருக்கும் சனம். கோயில் அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது.

அண்ணா தேத்தண்ணி வாங்கித் தந்தார். பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலம் அது. கடைக்காரர் வெறும் தேத்தண்ணியைத் தந்து, உள்ளங்கையில் சீனிக்குப் பதிலாக ஒரு சின்னப் பனங்கட்டித் துண்டு வைத்தார். கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும். அண்ணா தன்னுடைய துண்டையும் என்னிடம் தந்தார்.

"வேண்டாம், நீங்கள் தின்னுங்கோ."

"தின்னு. முகமெல்லாம் வாடிக் கிடக்கு. போய் முகத்தைக் கழுவிப்போட்டு வா. தலையையும் ஒருக்கா இழுத்துக் கட்டன்."

"சின்னம்மா வீட்டை போய்க் கட்டுறன்."

"இப்ப கட்டினா என்ன, தலை தேஞ்சு போகுமோ?"

அண்ணா ஒருநாளும் என் தலையைப் பற்றிக் கதைத்தவரில்லை. களைப்பில் அதை நான் யோசிக்கவில்லை. ஆற்றில் இறங்கி முகத்தைக் கழுவினேன். பொட்டுப் போய்விட்டது. கைப்பையில் சின்னக் கண்ணாடி கூடக் கிடையாது. ஆண்கள் இருந்த வாங்கைக் கடந்து மோட்டார் சைக்கிளடிக்குப் போகவேண்டும் என்று நினைத்ததும் வழக்கமான கூச்சம் வந்துவிட்டது. வெயிலும் ஏறிவிட்டது. சீலைத் தலைப்பைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு கரையிலேயே நின்றேன்.

சற்றுத் தள்ளி இன்னொரு மர நிழலில், தோப்பூர்ப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் சிலர் நெல்மூட்டைகளோடு இருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"வா புள்ள, வெயிலுக்க நிக்காத. இஞ்சால வந்து இரி."

நான் போய் இருந்தேன். அவர் ஒரு மூட்டையை நகர்த்தி எனக்குச் சாய இடம் விட்டார். காலை நீட்டச் சொன்னார். எல்லோரும் முக்காடு போட்டிருந்தார்கள். என் தலையிலும் சீலைத் தலைப்பு இருந்தது. ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. காலில் இரத்தம் திரும்பி வந்து ஊசிபோலக் குத்திக் குத்தி ஆறியது. அன்றைய பயணத்தில் நான் இளைப்பாறியது அந்த இடத்தில்தான்.

அண்ணா மருதமரத்தடியில் இருக்கமுடியாமல் நடந்தார். ஆற்றைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், பிறகு என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "இஞ்ச வந்து நில்லன்!" என்று கூப்பிட்டார். நான் தலையை ஆட்டினேன். திரும்பவும் கூப்பிட்டார். அந்த வாங்கு நிறைய ஆண்கள். நான் கையால் நிழலைக் காட்டினேன்.

"உண்ட நானாக்கு எறும்பு கடிக்கிதா புள்ள?" என்று அண்ணாவைக் காட்டி அந்த அம்மா கேட்டார். "ஒரு எடத்துல இரிக்கிறார் இல்லையே."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் முக்காட்டுக்குள் சிரித்தேன்.

அந்த நேரத்தில்தான் ஓர் இளம்பெண் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்தாள். முந்திய பாதையில் இக்கரைக்கு வந்து மூதூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவள். அவளுடைய தகப்பன் ஒரு தகரப் பெட்டியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எங்கோ வேலைக்குச் சேரப் போகிறவள்போல இருந்தாள். புதிய சீலை, புதிய செருப்பு.

"அண்ணை, உங்கட கண்ணாடியை ஒருக்காப் பாக்கட்டே? இந்தப் புழுதியில என்ர முகம் எங்க போச்சுதெண்டு தெரியேல்லை."

"பாருங்கோ, பாருங்கோ. உடைக்காமல் பாத்தால் சரி. இப்ப கண்ணாடி வாங்க ஏலாது."

"உடையிற முகமோ இது?"

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு துறை முழுவதும் கேட்டது. தூங்கிய தகப்பன்கூட ஒரு கண்ணைத் திறந்து மூடினார். அவள் குனிந்து, பிடியில் இருந்த கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, தலையைச் சரிசெய்து, ஒரு சின்னக் குப்பியிலிருந்து பொட்டுத் தொட்டு வைத்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்துப் பார்த்தாள். அண்ணாவிடம் ஏதோ சொல்லி மீண்டும் சிரித்தாள். ஒரு வேற்று ஆணோடு இப்படிக் கதைக்க எனக்கு ஏழு பிறவி வேண்டும் என்று நினைத்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூதூர் பஸ் வந்தது. தகப்பனை எழுப்பிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பாதை இக்கரைக்கு வந்தது. அண்ணா வேகமாக வந்து, "எழும்பு, எழும்பு" என்று என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் மோட்டார் சைக்கிளோடு நிறுத்தினார். தலையில் இருந்த சீலையைத் தன் கையாலேயே இழுத்துவிட்டார். இறங்கி வந்தவர்களில் வெள்ளை வேட்டி கட்டி, முகம் பாதி மறையக் குடையைத் தாழ்த்திப் பிடித்து வந்த ஒருவர் எங்களுக்கு முன்னால் நின்று, வண்டியையும் என்னையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனார். அண்ணா பெருமூச்சு விட்டார். பிறகு ஆற்றைக் கடந்தோம்.

சின்னம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்து சில நாட்களில் அண்ணாவின் வேலைத்தல நண்பர் வீட்டுக்கு வந்தார். முன்னறைக் கதிரையில் உட்காரும்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்.

"பொடியனுக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. நல்ல சிரிச்ச முகமாம், கலகலப்பான பிள்ளையாம். உங்கட தங்கச்சி வாய் திறக்காதெண்டு நீங்கள் எனக்குப் பொய்தானே சொன்னனீங்கள்?"

"என்ர பிள்ளையோ?" என்று அம்மா கேட்டார். பிறகு கேட்டது பிழை என்று நினைத்தவர்போல வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் சொன்னார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நான் குசினிக்குள் போய் நின்று யோசித்தேன். வெருகலில் எப்போது சிரித்தேன்? அந்த முஸ்லிம் அம்மா எறும்பு என்று சொன்னபோது சிரித்தேன். அதை ஒருவர் கண்டிருக்கிறார். முக்காட்டுக்குள்ளே சிரித்ததையும் ஒருவர் கண்டிருக்கிறார் என்றால் அவர் எப்படிப்பட்ட கண்ணுள்ளவர் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு பல நாட்கள் வாழ்ந்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அலுமாரிக் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். மோசமாக இருக்கவில்லை. சந்தையில் மீன்காரரிடம் விலை கேட்டேன். அம்மா பலகாரத்துக்கு அரிசி இடித்தார். அண்ணா குளிக்கும்போது பாடினார். உப்புவெளிக்காரரைக் கோயிலில் கண்டபோது நான் முதல் முறையாக நேரே பார்த்தேன். அவரும் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

பிறகு அவர்கள் முறைப்படி வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அக்கா, அக்காவின் கணவரான அந்த நண்பர்.

"எங்க, அந்தச் சிரிக்கிற பொம்பிளையைக் கூப்பிடுங்கோ பாப்பம்" என்று அக்கா சொன்னது கேட்டது.

நான் தேத்தண்ணித் தட்டத்தோடு போனேன். கோப்பைகள் சத்தம் போடவில்லை. பழகியபடி சிரித்துக்கொண்டு போனேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். இன்னொருவர் வரவேண்டும் என்பதுபோல அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, அங்க கண்டனி, இஞ்ச பாக்க வெக்கமோ?" என்று அக்கா அவர் முழங்கையில் தட்டினார்.

"அக்கா, கொஞ்சம் பொறு." அவர் அண்ணாவிடம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அண்டைக்குத் துறையில நிண்டது இவவோ?"

"ஓம். இவதான். வேற ஆர்?"

"நான் காலமையே வந்து கோயிலுக்குப் போனனான். கும்பிட்டுட்டு வரேக்குள்ள மோட்டார் சைக்கிளடியில கண்டனான். கண்ணாடியைப் பாத்துப் பொட்டு வைச்சுக்கொண்டு... உங்களோட கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு நிண்டா. கிட்ட வந்தால் அவவுக்கு விளங்கிப்போடும் எண்டு நான் திரும்பிக் கோயிலுக்கே போயிட்டன்."

அண்ணா கதிரை நுனிக்கு வந்தார். "அப்ப குடையோட வந்தது நீங்கள் இல்லையோ?"

"நான் குடை கொண்டு வரேல்லையே."

"அது..." என்றார் அண்ணா. "அந்தப் பிள்ளை பஸ்ஸுக்கு நிண்டது. அதை ஆரெண்டே எனக்குத் தெரியாது."

தட்டம் என் கையில் இருந்தது. வை என்றும் ஒருவரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. என் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பிள்ளை நல்ல அமைதிதானே" என்றார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

மாப்பிள்ளை எழுந்து வந்து கோப்பையைத் தானே எடுத்தார். முழுவதையும் குடித்தார். சூடாக இருந்திருக்கும். வெறும் கோப்பையைத் தட்டத்தில் வைத்துவிட்டு, "தேத்தண்ணி நல்லா இருக்கு" என்று என்னிடம் சொன்னார். அவர் எனக்குச் சொன்ன வார்த்தைகள் அவ்வளவுதான். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். யோசித்துச் சொல்கிறோம் என்று நண்பர் படலையடியில் சொன்னார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாவும் அவரும் ஒரே இடத்தில்தான் வேலை செய்தார்கள். ஆனாலும் ஒருவரையொருவர் காணாத மாதிரி நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

அவர்கள் வந்துபோன அன்று பின்னேரம் நான் கிணற்றடியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணா வந்து கிணற்றுக் கட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ ஏன் அண்டைக்குத் துறையில அவையளோட போய் இருந்தனீ?"

"வெயிலாக் கிடந்தது அண்ணா."

அவர் வேறு பதில் வரும் என்று காத்திருந்தவர்போல நின்றார். பிறகு, "ஓம். நல்ல வெயில்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் கதைத்தது அந்த ஒரு முறைதான்.

பிடிக்காமல் போனதை நான் தாங்கியிருப்பேன். அது எனக்குப் பழக்கம். பிடித்தது என்று கேட்டபின் வந்த அந்த நாட்களைத்தான் என்னால் எங்கேயும் வைக்க முடியவில்லை. அந்தச் சந்தோசம் பஸ்ஸில் ஏறிப் போன ஒருத்திக்குச் சேரவேண்டியது. அவளுக்கு அது தெரியவே தெரியாது. நான் அதைத் தவறுதலாக வாங்கிச் செலவழித்துவிட்டேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம்தான் வருகிறது.

அதற்குப் பிறகு என்னை ஒருவரும் பார்க்க வரவில்லை. உப்புவெளிக்காரர் அடுத்த வருடம் வவுனியாவில் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனார். அந்தக் கலியாணத்துக்கு எங்களுக்கும் சொன்னார்கள். அம்மா மட்டும் போய் வந்தார். அண்ணாவைக் கட்டச் சொல்லி அம்மா சாகும்வரை கேட்டார். நானும் ஒருநாள் கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். எது இருக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இருவரும்தான். அவருக்குத் தலை நரைத்துவிட்டது. எனக்கும்தான். நான் இரண்டு பேருக்குச் சமைக்கிறேன். அவர் சாப்பிட்டுத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைக்கிறார். எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை பிடிக்கக்கூட ஒன்றும் இல்லை.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. குச்சவெளிப் பக்கத்துச் சனம். அந்த இளம்பெண் வேலியடியில் நின்று, கூரை ஓடு ஒன்று விலகிவிட்டதாகவும் ஏறிப் பார்க்க ஆள் வேண்டும் என்றும் சொன்னாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள்.

"அக்கா, உங்கட அவர் எப்ப வருவார்?"

அவள் யாரைக் கேட்கிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அது என் அண்ணா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வெட்கப்படுவாள். பிறகு ஏன் இருவரும் கட்டவில்லை என்று கேட்பாள். அதற்கும் நான் பதில் சொல்லவேண்டும்.

"துறைமுகத்தில கப்பல் நிண்டால் அவர் வரப் பிந்தும்" என்றேன்.